ஆர்எக்ஸ்-8 வண்டியில் எஞ்சின் விளக்கு எரிகிறது: வீட்டு முற்றத்தில் எதைக் கண்டுபிடிக்கலாம், எதை முடியாது?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2004ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றைக் கொழும்பில் வாங்கி ஏ9 வீதியால் ஓட்டி வந்திருக்கிறார். மாங்குளம் தாண்டியதும் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்திருக்கிறது. பஸ் ஒன்றை முந்துவதற்காக அழுத்தியபோது விளக்கு விட்டுவிட்டு மினுங்கி, வண்டி உதறியிருக்கிறது. காலை எடுத்ததும் உதறல் நின்றது, விளக்கு மட்டும் அணையவில்லை. ஒரு கராஜில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை மாற்ற வேண்டும் என்கிறார்கள், இன்னொரு கராஜில் விளக்கின் குமிழைக் கழற்றிவிட்டு ஓடலாம் என்கிறார்கள். வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா, கொழும்புக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, நீங்கள் விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் மனதில் இருப்பது, "எஞ்சின் முடிந்துவிட்டதா?" என்ற பயம் என்றே நினைக்கிறேன். ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழலும் எஞ்சின்) வண்டியை இரண்டாம் கையில் வாங்கிய எவருக்கும் அந்தப் பயம் வரும். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால், பழுது எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதைவிட அதற்கு நெருப்புக் கொடுக்கும் பகுதியில், அதாவது மின்னழுத்தத்தை உயர்த்தும் கொயில், தீப்பொறியை உண்டாக்கும் பிளக், இரண்டையும் இணைக்கும் வயர் ஆகியவற்றில் இருக்கவே வாய்ப்பு அதிகம். பாரம் ஏறும்போது மட்டும் உதறுவதும், பாரம் இறங்கியதும் சரியாவதும் பலவீனமான தீப்பொறிக்குரிய குணம். இது வாய்ப்புக் கணக்கு, தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்குத் தேவையான வேலையில் பெரும்பகுதியை உங்கள் முற்றத்திலேயே செய்யலாம். ஒரே ஒரு சோதனைதான் வீட்டில் முடியாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் இன்றே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நிலையாக எரியும் மஞ்சள் விளக்கும் மினுங்கும் மஞ்சள் விளக்கும் ஒன்றல்ல. நிலையாக எரிந்தால் கணினி ஒரு பழுதைக் குறியீடாகப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள். ஒயில், வெப்பம் எல்லாம் சரியாக இருந்தால் மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வரலாம். மினுங்கினால், அந்தக் கணத்தில் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பெற்றோல் வண்டியின் அடியில் புகையைச் சுத்திகரிக்க இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரியும். கொன்வேட்டர் செந்நிறமாகப் பழுக்கும், உள்ளே உள்ள தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைக்கும், அடைத்தால் வெளியேற வழியில்லாத வெப்பம் எஞ்சினுக்கே திரும்பும். ரோட்டரி எஞ்சினின் புகைவாயு இயல்பிலேயே மற்ற எஞ்சின்களைவிடச் சூடானது என்பதால் இந்த வண்டிக்கு இது இரட்டிப்பு ஆபத்து. ஆகவே மினுங்கினால் உடனே காலை எடுங்கள். எடுத்தும் மினுங்கல் நிற்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் இடத்தையும் பார்த்து நிறுத்துங்கள். ஆவணி மாதத்தில் ஏ9 ஓரத்துப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பழுத்த கொன்வேட்டரை அந்தப் புல்லுக்கு மேல் நிறுத்தினால் எஞ்சினை மட்டுமல்ல, வண்டியையே இழக்கலாம். கிரவல் பரப்பிலோ தார் விளிம்பிலோ நிறுத்துங்கள்.

குமிழைக் கழற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். கொன்வேட்டர் உருகும் ஆபத்தை உங்களுக்கு முன்கூட்டியே சொல்வது அந்த விளக்குத்தான். கணினிப் பெட்டியை மாற்றச் சொன்னவர் எந்தக் குறியீட்டை வாசித்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். குறியீட்டை வாசிக்காமலே சொல்லியிருந்தால் அங்கே பணம் கொடுக்காதீர்கள். கணினி பழுதாவது நடக்கும், ஆனால் மிக அரிது. மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அதில் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு அறிவுரையும் உங்களுக்குக் கட்டாயம் வரும்: "பற்றரியைக் கழற்றிப் பூட்டு, விளக்கு அணைந்துவிடும்." அணையும்தான். ஆனால் பழுது நேர்ந்த கணத்தில் கணினி எழுதிவைத்த குறிப்பும் அதோடு அழிந்துவிடும். இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் குறிப்புத்தான். அதை வாசிக்கும்வரை பற்றரியில் கை வைக்க வேண்டாம்.

வாசிப்பதற்கு ஓபிடி ஸ்கானர் ஒன்று, அதாவது கணினி பதிந்த குறியீடுகளைக் காட்டும் கருவி, வேண்டும். டாஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கமாகக் குனிந்து பார்த்தால் பதினாறு ஊசிகளுக்கான துளை கொண்ட, சரிவான விளிம்புடைய ஒரு சொருகி தெரியும். அமெரிக்காவில் 1996இல் இருந்து இந்த வசதி கட்டாயம். ஜப்பானில் அந்த விதி பிந்தியே வந்தது. அதனால்தான் தொண்ணூறுகளின் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் சொருகி பொருந்தினாலும் ஸ்கானரோடு பேச மாட்டா. உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. ஆர்எக்ஸ்-8 விற்பனைக்கு வந்ததே 2003இல், அது பொதுவான ஸ்கானர்களோடு பேசும். கைத்தொலைபேசியோடு புளூடூத்தில் இணையும் சிறிய கருவி போதும். மலிவானவற்றில் போலிகள் அதிகம் என்றாலும், எஞ்சின் குறியீடுகளையும் ஓடும்போது வரும் அளவுகளையும் காட்ட அநேகமாக அவையே போதும். பிரேக், காற்றுப்பை விளக்குகளுக்கு அவை உதவா. வாங்க மனமில்லை என்றால் கிளிநொச்சியிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்து வெளிவந்த பிள்ளைகள் இந்தக் கருவிகளோடு பழகியவர்கள். அப்படி ஒருவர் வேலை செய்யும் கராஜ் எது என்று விசாரித்துப் போங்கள்.

திறப்பை இரண்டாம் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள். அப்போது எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் விளக்கின் சுற்று சரி. (இரண்டாம் கை வண்டி பார்க்கப் போகும் எவரும் இதை முதலில் பார்க்க வேண்டும். திறப்பைத் திருப்பியும் எரியாத விளக்கு என்றால் யாரோ ஏற்கனவே குமிழைக் கழற்றியிருக்கிறார்.) பிறகு ஸ்கானரில் பதிவான குறியீடுகளை வாசியுங்கள். இன்னும் உறுதியாகாமல் காத்திருக்கும் குறியீடுகளுக்குத் தனியான பகுதி இருக்கும், அதையும் பாருங்கள். உறைந்த தரவு (ஃபிரீஸ் ஃபிரேம்) என்ற பகுதியைத் திறந்தால், பழுது பதிவான கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு பாரத்தில் இருந்தது, வண்டி எந்த வேகத்தில் போனது என்பவை இருக்கும். எல்லாவற்றையும் தொலைபேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுய சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதில் பல சோதனைகள் "முடியவில்லை" என்று இருந்தால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார். கொழும்பில் உங்களுக்கு வண்டியைக் காட்டியபோது அணைந்திருந்த விளக்கு மாங்குளத்தில் எரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று நான் சந்தேகிக்கிறேன். நிரூபிக்க வழியில்லை.

குறியீட்டை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். "பி" என்று தொடங்கினால் எஞ்சினும் கியரும் சார்ந்தது. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா வண்டிகளுக்கும் பொதுவான குறியீடு, 1 என்றால் தயாரித்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாவதாக வருவதில் 1, 2 இரண்டும் காற்றும் பெற்றோலும், 3 தீப்பொறியும் எரிதலும், 4 புகைக் கட்டுப்பாடு. உங்கள் வண்டியில் நான் எதிர்பார்ப்பது பி0300, பி0301, பி0302 ஆகியவற்றில் ஒன்று. 0301 முன் ரோட்டரில் எரிதல் தவறுவதையும் 0302 பின் ரோட்டரில் தவறுவதையும் குறிக்கும். இரண்டே ரோட்டர்கள் என்பதால் 0303, 0304 இந்த வண்டியில் வரவே மாட்டா. 0300 என்றால் இரண்டிலும் ஒழுங்கில்லாமல் தவறுகிறது. இங்கேதான் அநேகர் பணத்தை இழக்கிறார்கள். குறியீடு ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, கணினி கண்ட அறிகுறியை மட்டுமே சொல்கிறது. பின் ரோட்டரில் எரிதல் தவறுவதற்குக் கொயில், பிளக், வயர், சொருகியில் பாசிபோல் பிடித்த துரு, பெற்றோல் தெளிப்பான், அமுக்கம் (எஞ்சினுக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) குறைவது என்று எதுவும் காரணமாகலாம். புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரின் பெயரோடு ஒரு குறியீடு வந்தால் சென்சர் பழுது என்று நினைத்து அதை வாங்குகிறார்கள். அநேகமான நேரம் சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். கொன்வேட்டர் திறன் குறைந்தது என்று சொல்லும் பி0420உம் சேர்ந்து வந்திருந்தால் அதை இப்போது தொட வேண்டாம். எரிதல் தவறுவதைச் சரிசெய்த பிறகும் அது திரும்பி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இனிக் கொயில்களுக்கு வருவோம். அநேகமாக உங்கள் விடை இருப்பது அங்கேதான். ஆர்எக்ஸ்-8இல் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள், ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில். ஆக நான்கு கொயில்கள். கீழே இருக்கும் பிளக் முதலில் பற்றவைப்பது, அதை லீடிங் என்பார்கள். மேலே இருப்பது டிரெய்லிங். கொயில்கள் எஞ்சினுக்கு மேலே ஒரு தகட்டில் வரிசையாக இருக்கின்றன. பிளக்குகள் எஞ்சினின் இடது பக்கத்தில் தாழ்வாக இருப்பதால், இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் கை போகும். சக்கரத்தைக் கழற்றும்போது ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே கை விடவும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும். இரும்புத் தாங்கிகள் இரண்டை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின் தொடங்குங்கள். எதையும் கழற்றுமுன் படம் எடுங்கள், ஒவ்வொரு வயரிலும் ஒட்டுநாடா ஒட்டி எங்கே இருந்தது என்று எழுதுங்கள். லீடிங் வயரும் டிரெய்லிங் வயரும் மாறிப் பொருத்தப்பட்டால் தீப்பொறி தவறான நேரத்தில் வரும், எஞ்சினுக்கு நல்லதல்ல.

சோதனை எளிமையானது, காசு செலவில்லாதது. உங்களுக்குப் பின் ரோட்டரின் குறியீடு 0302 வந்திருக்கிறது என்று வைப்போம். பின் ரோட்டரின் லீடிங் கொயிலைக் கழற்றி முன் ரோட்டரின் லீடிங் கொயில் இருந்த இடத்தில் பொருத்துங்கள், முன் ரோட்டரின் கொயிலைப் பின் ரோட்டரின் இடத்தில் பொருத்துங்கள். வயர்களும் பிளக்குகளும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஸ்கானரால் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இந்த முறை 0301 வந்தால் பழுது கொயிலோடு இடம் மாறிவிட்டது, கொயில்தான் குற்றவாளி. மீண்டும் 0302 வந்தால் அந்தக் கொயில் குற்றமற்றது. அடுத்து டிரெய்லிங் கொயில்களை அதேபோல் மாற்றுங்கள், பிறகு வயர்கள், பிறகு பிளக்குகள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும், ஆகவே ஒவ்வொன்றாகவே செய்யுங்கள். மீற்றரால் கொயிலின் தடையை அளந்து பார்க்கலாமா என்று கேட்பீர்கள். இந்தக் கொயில்களுக்குள்ளேயே மின்னணுச் சுற்று இருப்பதால் சாதாரண ஓம் மீற்றர் பயனுள்ள பதிலைத் தராது. தவிர, குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து சூடானபின் துவளுவதுதான் இவற்றின் வழக்கம்.

இந்தச் சோதனைக்கும் ஒரு குறை இருக்கிறது. நான்கு கொயில்களும் ஒரே வயதில் ஒன்றாகப் பலவீனமானால் எதை எங்கே மாற்றினாலும் குறியீடு இடம் மாறாது, 0300 என்றே வரும். டிரெய்லிங் பக்கத்தில் ஒன்று செத்தால் ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியாமலும் போகலாம், ஆனால் பெற்றோல் செலவு ஏறும், கொன்வேட்டர் சூடாகும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஐம்பதாயிரம் கிலோமீற்றர் தாண்டிய கொயில்களை நம்புவதில்லை. உங்களுடையவை எப்போது மாற்றப்பட்டன என்பதற்குச் சான்று இல்லையென்றால், நான்கு கொயில்கள், நான்கு வயர்கள், நான்கு பிளக்குகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவது சரியான செலவு என்பது என் கருத்து. பழைய கொயில்களில் நல்லவற்றைத் தேடிப் பொறுக்குவதில் லாபமில்லை. பிளக்குகளில் லீடிங்குக்கு ஒரு வகை, டிரெய்லிங்குக்கு வேறு வகை. எண்ணின் முடிவில் எல் என்றோ டி என்றோ எழுத்து இருக்கும். ஒரே வகையில் நான்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். பொருத்தும்போது விரலால் திருகிப் புரியில் சரியாக ஏறுகிறது என்று உறுதிசெய்த பிறகே பிளக் சாவியால் இறுக்குங்கள். ரோட்டர் உறை அலுமினியம், புரி கெட்டால் பெரிய வேலை.

வயர்களைப் பார்க்க இன்னொரு வழி, இரவில் முற்றத்து விளக்குகளை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது. உறை வெடித்த வயரில் இருந்து நீல நிறத்தில் பொறி பாய்வது கண்ணுக்கே தெரியும், "டிக் டிக்" என்று காதிலும் கேட்கும். கையால் தொடாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ற் பாய்கிறது.

இந்தச் சோதனைகளில் வண்டியை அடிக்கடி ஸ்டார்ட் செய்து அணைக்க வேண்டி வரும் என்பதால் ரோட்டரிக்கே உரிய ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து சில விநாடிகளில் அணைக்கக் கூடாது. மரநிழலில் இருந்து முற்றத்துக்கு நகர்த்துவதற்காகக்கூட அப்படிச் செய்யாதீர்கள், கையால் தள்ளுங்கள். குளிரில் கணினி அதிகப் பெற்றோலை ஊற்றும். உடனே அணைத்தால் அது எரியாமல் தங்கி, ரோட்டரின் விளிம்புகளில் இடைவெளியை அடைக்கும் சீல்களில் உள்ள ஒயிலைக் கழுவி, பிளக்கையும் நனைத்துவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் செய்தால் வெப்பமுள் நடுவுக்கு வரும்வரை ஓடவிட்டே அணையுங்கள். அப்படியும் நனைந்துவிட்டால், பெற்றோல் மிதியை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அந்த நிலையில் கணினி பெற்றோலை நிறுத்திவிடும், நனைந்தது காற்றில் வெளியேறும். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுழற்றாமல் இடையிடையே ஆறவிடுங்கள்.

குறியீடு 0300 வரிசையில் இல்லாமல் பி0171 என்று வந்தால் கதை வேறு. காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று கணினி சொல்கிறது. ஸ்கானரில் எரிபொருள் திருத்தம் என்று இரண்டு அளவுகள் நூற்றுவீதத்தில் ஓடும், ஒன்று உடனடித் திருத்தம், மற்றது நீண்டகாலத் திருத்தம். வயலில் தண்ணீர் குறையக் கண்டால் துருசை இன்னும் கொஞ்சம் திறப்பதுபோல, கலவை மெலிந்தால் கணினி பெற்றோலைக் கூட்டுகிறது. எவ்வளவு கூட்டியது என்பதுதான் அந்த எண். பத்துக்குள் ஏறி இறங்கினால் கவலை இல்லை. இருபதைத் தாண்டி நின்றால் காரணம் தேட வேண்டும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது எண் உயர்ந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால் எங்கோ காற்று களவாகப் புகுகிறது. நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் காற்றுக் குழாயின் மடிப்புகள், இணைப்புகள் வழியே நகர்த்தினால் "ஸ்ஸ்" என்ற சத்தம் ஓரிடத்தில் கூர்மையாகும். பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் பழைய வழி வேண்டவே வேண்டாம், சூடான சைலன்சர் பக்கத்தில் இருக்கிறது. மாறாக, அழுத்தும்போது மட்டும் எண் உயர்ந்தால் பெற்றோல் பம்பையோ காற்றை அளக்கும் சென்சரையோ சந்தேகியுங்கள். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடிய வண்டி என்றால் முதலில் காற்று வடியைத் திறந்து பாருங்கள். செம்புழுதி வடியைத் தாண்டிப் போயிருந்தால் அந்தச் சென்சரின் மெல்லிய கம்பியில் படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் தெளிப்பான் மட்டுமே பயன்படுத்துங்கள். துணியோ விரலோ படக்கூடாது.

நான் தொழில் பழகிய காலத்தில் இந்தக் கருவிகள் எதுவும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல், சிறிய போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்கு ஊற்றி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓடவைத்த காலம் அது. சத்தம், புகையின் மணம், பிளக்கின் நிறம் ஆகியவற்றைக் கொண்டே பழுது பார்த்தோம். அந்த அறிவு இன்றும் செல்லும், கணினி வண்டிக்கும் செல்லும். ஆனால் ஒரு திருத்தம்: ரோட்டரி எஞ்சின் தன் சீல்களுக்காக ஒயிலை வேண்டுமென்றே எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகவே பிளக் சற்றுக் கருத்திருப்பதைக் கண்டு எஞ்சின் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெற்றோல் அடிக்கும் வேளைகளில் ஒன்றுவிட்டு ஒரு முறையாவது ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் குறைவது பழுதல்ல, குறைந்ததைப் பார்க்காமல் விடுவதுதான் எஞ்சினைக் கொல்லும்.

வன்னியில் நிறுத்திவைத்த வண்டிகளில் நான் அதிகம் கண்ட பழுது எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்காது. எலி. மாரி தொடங்கியதும் எலிகள் சூடான எஞ்சினுக்கு மேல் குடியேறி வயரைக் கொறிக்கும். வயர்க்கட்டை முழு நீளத்துக்கும் டோர்ச் அடித்துப் பாருங்கள், வைக்கோல், எலிப்புழுக்கை, பிளாஸ்ரிக் துகள் எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொரு சொருகியையும் கழற்றி உள்ளே பச்சைப் பாசி இருக்கிறதா என்று பாருங்கள். பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்றை ஒட்டியும், எஞ்சின் ஓடும்போது பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எதையும் ஆராயுமுன் அதைச் சரிசெய்யுங்கள். மின்சாரம் தளர்ந்த வண்டி தொடர்பில்லாத குறியீடுகளையெல்லாம் எழுதும்.

இப்போது, வீட்டில் முடியாத அந்த ஒன்று. எஞ்சினின் அமுக்கத்தை அளப்பது. சாதாரண எஞ்சினுக்கு எந்தக் கராஜிலும் இருக்கும் அமுக்கமானி இந்த எஞ்சினுக்குப் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். சாதாரண மானி மூன்றில் கூடியதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும், மற்ற இரண்டில் ஒன்று செத்திருந்தாலும் தெரியாது. மூன்று முகங்களையும் தனித்தனியே எழுதும் ரோட்டரி மானி வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் நல்ல எஞ்சினின் அளவு, 680க்குக் கீழே போனால் எஞ்சின் முடிவை நெருங்குகிறது. எத்தனை சுற்றில் அளந்தார்கள் என்று சொல்லாமல் அமுக்க எண்ணை மட்டும் தந்தால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்றால் எண்ணும் உயரும். இந்த மானியும் அதை வாசிக்கத் தெரிந்தவரும் கொழும்புப் பக்கத்தில்தான் கிடைப்பார்கள். ரோட்டரி எஞ்சினைத் திறந்து சீல் மாற்றும் வேலையை நான் செய்ததில்லை, ஆகவே அந்தக் கட்டத்துக்கு மேல் என்னிடம் யோசனை கேட்க வேண்டாம்.

அந்தப் பயணம் தேவையா என்பதற்கு வீட்டிலேயே ஓர் அடையாளம் பார்க்கலாம். அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடானபின் அணைத்து, பத்து நிமிடம் விட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் நல்ல செய்தி. காலையில் குளிரில் நன்றாகப் பிடித்து, சூட்டில் மட்டும் நீண்ட நேரம் சுழன்றே பிடித்தால் அமுக்கம் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பலவீனமான ஸ்டார்ட்டரும் பற்றரியும் இதே அடையாளத்தைத் தரும் என்பதால் அவற்றைச் சரிபார்த்த பிறகே அந்த முடிவுக்கு வாருங்கள்.

ஸ்கானர் வாங்கினால் தண்ணீரின் வெப்பத்தையும் எப்போதும் திரையில் வைத்திருங்கள். டாஷ்போர்டில் உள்ள வெப்பமுள் பரந்த எல்லைக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும், அது நகரும்போது காலம் கடந்திருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் நூற்றுப்பத்துப் பாகையை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள். ரோட்டரி எஞ்சின் ஒரு தடவை கொதித்தாலே தண்ணீர் சீல்கள் கெடக்கூடும். பெற்றோல் ஒக்டேன் 95 அடியுங்கள், 92 வேண்டாம். புகைப் பரிசோதனைக்கு முன் குறியீட்டை அழித்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால், அங்கே அளப்பது சைலன்சரில் வரும் வாயுவை என்பதை நினைவில் வையுங்கள். விளக்கு அணைந்திருந்தாலும் எரியாத பெற்றோல் அந்தக் கருவியில் தெரியும்.

முதலில் குறியீட்டையும் உறைந்த தரவையும் வாசித்து இங்கே எழுதுங்கள், தம்பி. கொயில் மாற்றிப் பார்த்தபின் எண் இடம் மாறியதா இல்லையா, சூட்டில் ஸ்டார்ட் எப்படி இருந்தது, பற்றரி எத்தனை வோல்ற் காட்டியது, இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் அடுத்து எதை வாங்குவது என்று சொல்ல முடியும். அதுவரை மூவாயிரம் சுற்றுக்கு மேல் ஏற்றாமல், கிளிநொச்சி நகருக்குள் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். மீண்டும் மினுங்கினால் அதுவும் வேண்டாம்.